ஒயரில்லாத வேக இணைப்பு: அடாப்டர் வாங்கும் முன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கேளுங்கள்

கைபேசியில் இருந்த 14 ஜிபி வீடியோவை ஒரு கை எட்டும் தூரத்தில் இருக்கும் கணினிக்கு மாற்ற வேண்டும், ஒயர் இல்லாமல். எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். அதற்காக ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். பெட்டியில் 1300 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லினக்ஸ் கணினியில் செருகினால் வைஃபையாகத் தெரியாமல் சிடி டிரைவாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாலை போனது. கருவியைச் சிஸ்டத்துக்குப் புரியவைக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்ற இன்னொரு மாலை. ஒருவழியாக ஓடியதே என்று இருந்தால், அடுத்த வாரம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மூன்றாவது மாலையும் போனது. சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பில்லை எடுத்துப் பார்த்தால், கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

நான் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து வாங்கினேன். உள்ளே இருக்கும் சிப்பை என் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்குமா என்று வாங்கிய பிறகுதான் தேடினேன். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கீழே இருப்பது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

1. என்ன வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மவுஸ், கீபோர்டு, ஹெட்போன் என்றால் புளூடூத் போதும், வேறு எதற்கும் செலவு செய்ய வேண்டாம். பெரிய கோப்புகளை மாற்றவும் திரையைப் பகிரவும்தான் வைஃபை வேண்டும்.

புளூடூத்திலேயே கோப்பையும் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வழக்கமான புளூடூத்தின் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட். கையில் கிடைப்பது சுமார் 2. அந்த வேகத்தில் 1 ஜிபி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் 14 ஜிபிக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். புளூடூத் 5 என்று போட்டிருந்தாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை.

வைஃபையில் கதை வேறு. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கருவி, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 866 மெகாபிட்டில் இணையும். வைஃபை 6, 160 மெகாஹெர்ட்ஸில் 2402. வைஃபை 7, 320 மெகாஹெர்ட்ஸில் 5764. இவை இணைப்பு வேகங்கள். கோப்பு நகரும் வேகம் இதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும். அதுவும் மறுமுனையில் இருக்கும் கைபேசி அதே அகலத்தில் பேசினால்தான். பல கைபேசிகள் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அப்படியானால் கணினியில் வைஃபை 7 போட்டும் பயன் இல்லை. ஆகவே கைபேசியின் விவரப் பக்கத்தை முதலில் பாருங்கள், கணினிக்கு அப்புறம் வரலாம்.

இரண்டு பெயர்களைக் கண்டால் உஷாராக இருங்கள். ஒன்று, 'வயர்லெஸ் யுஎஸ்பி'. அல்ட்ரா வைட்பேண்ட் அலையில் 3 மீட்டருக்குள் 480 மெகாபிட் தரும் என்று வந்த பழைய தொழில்நுட்பம் இது. பழைய பொருள் விற்கும் இடங்களில் ஜோடி ஜோடியாக இன்னும் கிடைக்கிறது. லினக்ஸ் 2.6.28 கெர்னலில் இதற்கு ஆதரவு வந்தது, 2020இல் 5.7 கெர்னலில் அதை எடுத்தே விட்டார்கள். இன்றைய சிஸ்டத்தில் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. இரண்டு, இப்போதைய கைபேசிகளில் போட்டிருக்கும் 'யுடபிள்யூபி'. அதே அல்ட்ரா வைட்பேண்டின் சுருக்கப் பெயர்தான், வேலை வேறு. இது தூரத்தையும் திசையையும் அளக்க, காரைத் திறக்க, தொலைந்த சாவியைத் தேட. கோப்பை இது சுமக்காது.

2. கணினியின் ஜாதகத்தை எடுத்து வையுங்கள் (கால் மணி நேரம்)

கையேடு, பில், பெட்டி எல்லாவற்றையும் விட இந்த ஒரு பக்கக் குறிப்புதான் உங்களைக் காப்பாற்றும். ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இவற்றை எழுதிக் கைபேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இணையம் போன பிறகு கணினிக்குள் இருக்கும் குறிப்பை வைத்து என்ன செய்ய?

கணினியின் மாடல் எண், மதர்போர்டின் பெயர். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சரியான பதிப்பு: விண்டோஸில் 'வின்வர்' என்று அடித்தால் 23எச்2, 24எச்2 என்று காட்டும். லினக்ஸில் 'யுநேம்', ஓர் இடைவெளி, 'மைனஸ் ஆர்' என்று அடித்தால் கெர்னல் எண் வரும். உபுண்டு, டெபியன் என்ற பெயரைவிட இந்த எண்தான் முக்கியம்.

அடுத்து, இப்போது இருக்கும் வைஃபை சிப்பின் அடையாள எண். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் கருவி, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ். லினக்ஸில் உள்ளே பொருத்திய கார்டு என்றால் 'எல்எஸ்பிசிஐ', வெளியே செருகியது என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. பின்னதில் நாலெழுத்து, முக்காற்புள்ளி, நாலெழுத்து என்று ஓர் எண் வரும். முதல் பாதி தயாரித்தவர், இரண்டாம் பாதி பொருள். தேடும்போது பெட்டியில் இருக்கும் பெயருக்குப் பதில் இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள், விடை நேராக வரும்.

ஏற்கெனவே உள்ள கார்டே போதுமா என்றும் இப்போதே பார்த்துவிடலாம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்று கொடுங்கள். கடைசியில் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே சப்போர்ட்டட்' என்று ஒரு வரி வரும். எஸ் என்றிருந்தால் திரை பகிர்வு ஓடும். நோ என்றிருந்தால் அடைப்புக்குறிக்குள் கிராஃபிக்ஸ் டிரைவரா, வைஃபை டிரைவரா, எது காரணம் என்பதும் இருக்கும். லினக்ஸில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' என்று அடித்து, 'சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ்' பட்டியலில் பி2பி என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கார்டுக்கு வைஃபை டைரக்ட் தெரியும், அதாவது ரவுட்டர் இல்லாமலே இன்னொரு கருவியோடு நேராகப் பேசும். இவ்வளவும் சரியாக இருந்தால் 3, 4, 5 படிகளைத் தாண்டி 6க்குப் போங்கள். செலவு பூஜ்யம்.

3. உங்கள் சிஸ்டம் எதை ஏற்கும், எதை ஏற்காது

விண்டோஸ் 10: 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடையாது. வைஃபை 6இ கார்டு போட்டாலும் 2.4, 5 இரண்டில்தான் ஓடும். 2025 அக்டோபர் 14 உடன் இதற்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டதால் இதற்கென்று புது வன்பொருள் வாங்குவது வீண்.

விண்டோஸ் 11: 6 கிகாஹெர்ட்ஸ் உண்டு. வைஃபை 7 முழுதாக வேண்டும் என்றால் 24எச்2 பதிப்பாவது இருக்க வேண்டும்.

மேக்: உள்ளே இருப்பதே வாழ்க்கை. ஆப்பிள் கருவிகளுக்குள் ஏர்டிராப் அருமையாக ஓடும். ஒயரில்லாமல் டிவிக்குத் திரையைப் பகிரும் மிராகாஸ்ட் முறை இல்லை. யுஎஸ்பி வைஃபை அடாப்டர்களுக்குப் புதிய மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்தக் காசைச் சேமியுங்கள்.

லினக்ஸ்: இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லாம் கெர்னல் எண்ணைப் பொறுத்தது. இன்டெல் ஏஎக்ஸ்210க்கு 5.10 அல்லது மேல். இன்டெல் பிஇ200க்கு 6.5 அல்லது மேல். மீடியாடெக் எம்டி7921 சிப்பின் யுஎஸ்பி வடிவத்துக்கு 5.18 அல்லது மேல். இப்போது உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். டெபியன் 12 வந்தது 6.1 கெர்னலோடு. அதில் ஏஎக்ஸ்210 ஓடும், பிஇ200 ஓடாது. உபுண்டு 24.04 வந்தது 6.8 கெர்னலோடு, அதில் இரண்டுமே ஓடும். நிலையான பதிப்பு வேண்டும் என்று பழைய கெர்னலில் இருப்பவர்கள், புதுச் சிப் வாங்குவதை விட இரண்டு வருடம் பழைய சிப் வாங்குவது நல்லது. வேகம் கொஞ்சம் குறையும், தூக்கம் குறையாது.

6 கிகாஹெர்ட்ஸ் ஆசை இருந்தால் இன்னும் இரண்டு நிபந்தனைகள். அந்த அலைவரிசையை உங்கள் நாட்டின் விதி அனுமதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு நல்லதாக இருந்தும் அந்தச் சேனல்கள் பட்டியலிலேயே வராது. இன்டெல் கார்டுகள் சுற்றியுள்ள ரவுட்டர்களைப் பார்த்துத் தாங்களே நாட்டை முடிவு செய்துகொள்ளும், கட்டளை கொடுத்து ஏமாற்ற முடியாது. அப்புறம், 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை கட்டாயம். ரவுட்டரில் பழைய டபிள்யூபிஏ2 மட்டும் இருந்தால் இணையாது.

4. சிப் பெயர் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்

செலவு எங்கே என்று பார்ப்போம். ஏறக்குறைய மூன்று வழிகள்.

யுஎஸ்பி அடாப்டர்தான் எளிது, திருகாணி கழற்ற வேண்டாம். ஆனால் பொறி அதிகம் இருப்பதும் இங்கேதான். ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளே வேறு சிப்: முதல் பதிப்பில் ஒரு நிறுவனச் சிப், இரண்டாம் பதிப்பில் இன்னொன்று. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் வி1, வி2 என்று இருக்கும். அதையும் சேர்த்துத் தேடுங்கள். '1300' என்பது 2.4இல் 400, 5இல் 867 என்று இரண்டையும் கூட்டி, மேல்நோக்கி முழுதாக்கிப் போட்ட எண். ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டையும் உங்களுக்குத் தராது. அதோடு, யுஎஸ்பி 2.0 வாயில் செருகினால் 480 மெகாபிட்டுக்கு மேல் போகவே முடியாது. நீலநிற வாய் பெரும்பாலும் 3.0. சந்தேகம் இருந்தால் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்.

லேப்டாப்பில் உள்ளே இருக்கும் எம்.2 கார்டை மாற்றுவது என் சிபாரிசு. விலைக்கு ஏற்ற பலன் இதில்தான் அதிகம். ஆனால் வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். ஏஎக்ஸ்210 எந்தக் கணினியிலும் பொதுவாக ஓடும். ஏஎக்ஸ்211, ஏஎக்ஸ்201 இரண்டும் அப்படியில்லை. அவற்றின் பாதி மூளை இன்டெல் பிராசசருக்குள் இருக்கிறது. ஏஎம்டி கணினியில் போட்டால் செத்த மீன் மாதிரி கிடக்கும். வடிவம் ஒன்று, துளை ஒன்று, கடைசி எண் மட்டும் வேறு. விலை கொஞ்சம் குறைவாக இருப்பதால் இதில் விழுந்தவர்கள் ஏராளம். பிஇ200ஐப் பொறுத்தவரை ஏஎம்டி கணினிகள் பலவற்றில் அது எழுந்திருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். சில பழைய லேப்டாப்களில் கணினியைத் துவக்கும் மென்பொருளான பயாஸே, தான் அங்கீகரிக்காத கார்டை மறுத்து, திரையில் பிழை காட்டி நின்றுவிடும். உங்கள் மாடலுக்கு அப்படி உண்டா என்று வாங்கும் முன் தேடிப் பாருங்கள்.

மேசைக் கணினிக்கு, மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டு. பெரும்பாலும் மேலே சொன்ன அதே எம்.2 கார்டை ஒரு பலகையில் ஒட்டி, ஆன்டெனாவோடு விற்கிறார்கள்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடுவைப் பில்லிலேயே வட்டம் போட்டு, கைபேசியில் அலாரம் வையுங்கள். பொருத்திப் பார்க்க நேரம் இல்லாத வாரத்தில் வாங்கவே வேண்டாம்.

5. பொருத்தும் நாள்

கார்டைத் தொடும் முன் ஒரு வேலை. புதுக் கார்டுக்கான டிரைவரை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கார்டைக் கழற்றிய நொடியில் இணையம் போய்விடும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். மறந்துவிட்டால் ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி ஒயரில் செருகி, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வரும். ஒயரை ஒழிக்கும் வேலைக்கு ஒயர்தான் துணை, என்ன செய்ய.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பழைய கார்டில் ஆன்டெனா ஒயர்கள் எந்தப் பக்கம் என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒயரின் முனை அரிசி அளவுகூட இருக்காது. நகத்தால் நேராக மேலே நெம்பி எடுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது வட்டத்தின் நேர் மேலே வைத்து விரல் நுனியால் அழுத்துங்கள். 'டிக்' என்று மெல்ல உணர்வு வரும். வராவிட்டால் சாய்ந்திருக்கிறது, எடுத்து மீண்டும் வையுங்கள். பலம் காட்டினால் உலோக வளையம் நசுங்கும், அப்புறம் கார்டையே மாற்ற வேண்டியதுதான். நான் முதல் தடவை இதற்கு மட்டும் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். முழு வேலைக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேசைக் கணினியில் பிசிஐஇ கார்டு போடுகிறவர்களுக்கு: பெட்டியில் ஒரு குட்டி ஒயர் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கார்டுகளில் வைஃபை பிசிஐஇ வழியாகவும் புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் போகிறது. அந்த ஒயரை மதர்போர்டில் 9 ஊசி உள்ள யுஎஸ்பி 2.0 இணைப்பில் மாட்டாவிட்டால் வைஃபை ஜோராக ஓடும், புளூடூத் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் புளூடூத் டிரைவரை நாலு முறை அழித்து ஏற்றிய பிறகுதான் மேசை மேல் கிடந்த அந்த ஒயரைப் பார்த்தேன். வெளி ஆன்டெனாவையும் திருகிவிடுங்கள். அது இல்லாமலும் இணையும், ஆனால் இரண்டு எட்டு நகர்ந்தால் அறுந்துவிடும்.

6. டிரைவர் ஏற்றுதல்

விண்டோஸில் பத்து நிமிட வேலை. வைஃபைக்கும் புளூடூத்துக்கும் தனித்தனி டிரைவர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

லினக்ஸில், கெர்னலிலேயே ஆதரவு இருந்தும் வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் சிப்புக்குள் ஓட வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்று அர்த்தம். 'டிமெசெஜ்' (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்து) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்று தேடுங்கள். கோப்பின் பெயரோடு 'ஃபெயில்ட்' என்று வந்தால் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்து மறுபடி துவக்குங்கள். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்து எங்கேயாவது 'பிளாக்ட்' என்பதற்கு எதிரே எஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். லேப்டாப்பின் விமானப் பொத்தானை விரல் தெரியாமல் தொட்டிருக்கும்.

அடாப்டர் சிடி டிரைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் டிரைவரை அதற்குள்ளேயே வைத்து அனுப்புவதால் வரும் வினை. 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' தொகுப்பை ஏற்றி, கழற்றிச் செருகுங்கள். பல நேரம் அந்த சிடியை 'இஜெக்ட்' செய்தாலே வைஃபையாக மாறிவிடும்.

கெர்னலில் ஆதரவு இல்லாமல் வெளியிலிருந்து டிரைவர் ஏற்ற வேண்டியிருந்தால், அதை டிகேஎம்எஸ் முறையில் மட்டும் ஏற்றுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் அது தானாக மீண்டும் கட்டப்படும். என் மூன்றாவது மாலை போனது இதைச் செய்யாததால்தான். டிகேஎம்எஸ்ஸும் சில புதுக் கெர்னல்களில் தோற்கும். அன்றைக்குத் துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள்.

கையொப்பம் இல்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி இயங்கும் கணினியில் இன்னொரு கட்டம் உண்டு, பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். டிரைவர் ஏற்றும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி துவக்கியதும் நீலத் திரை வந்து, ஏதாவது விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி எண்ணும். ஏதோ பிழை போல என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து கணினி வழக்கம்போல் துவங்கிவிடும். டிரைவர் ஏற்றிய மாதிரியே இருக்கும், ஓடாது. அந்தப் பத்து நொடிக்குள் விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து, எஸ் சொல்லி, அந்தக் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும், அதனால் கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் வேண்டாம், எண்களே போதும். தவறவிட்டிருந்தால் 'மோக்யூடில்' கட்டளையின் இம்போர்ட் வசதியால் மறுபடி வரவழைக்கலாம்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணையுங்கள். அது கணினியை முழுதாக அணைக்காமல் விடுவதால் சில கார்டுகள் லினக்ஸில் விழிக்காது. புளூடூத் கருவி ஒரு பக்கம் ஜோடி சேர்த்தால் மறுபக்கம் அறுபடுவதும் பழுது இல்லை. கணினியின் முகவரி இரண்டு பக்கமும் ஒன்று, சாவி மட்டும் வேறு வேறு. ஹெட்போன் கடைசியாகப் பேசிய சாவியை மட்டும் நினைவில் வைத்திருக்கும்.

7. கோப்பை அனுப்பிப் பாருங்கள்

ஆண்ட்ராய்டிலிருந்து விண்டோஸுக்கு: குவிக் ஷேர். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 64 பிட் பதிப்பு வேண்டும். இரண்டு பக்கமும் புளூடூத்தும் வைஃபையும் இயங்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிப்பது புளூடூத், சுமையைத் தூக்குவது வைஃபை. புளூடூத்தை அணைத்துவிட்டு 'கணினி தெரியவில்லையே' என்று தேடுவது சகஜம். விண்டோஸிலேயே இருக்கும் 'நியர்பை ஷேரிங்' விண்டோஸ் கணினிகளுக்கு இடையே மட்டும்தான் நல்ல துணை.

லினக்ஸ் உட்பட எல்லாவற்றுக்கும் பொதுவாக: லோக்கல்சென்ட். இது ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளுக்கு இடையே ஓடும், கணக்கு தேவையில்லை. கருவி தெரியவில்லை என்றால் மூன்று இடத்தில் பாருங்கள். விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்தால் வெளியே வாருங்கள், அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடமாட்டார்கள். லினக்ஸ் ஃபயர்வாலில் 53317 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் அணையுங்கள்.

இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்று: கைபேசி, கணினி இரண்டுமே வைஃபையில் ரவுட்டரோடு இணைந்திருந்தால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது. கைபேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒன்று. வேகம் அங்கேயே பாதி. கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் இயக்கி, கணினியை அதில் சேர்த்தால் இடைத்தரகர் இல்லை. மொபைல் டேட்டாவை மட்டும் மறக்காமல் அணையுங்கள், இல்லாவிட்டால் கணினி சத்தமில்லாமல் அப்டேட்டை இறக்கி உங்கள் டேட்டாவை முடித்துவிடும். ஏஎக்ஸ்210 போட்ட பிறகு என் 14 ஜிபியை இப்படித்தான் அனுப்பினேன். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது.

அனுப்பியது பாதியில் நின்றால் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். எஃப்ஏடி32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு உட்காராது. குற்றம் வைஃபையுடையது இல்லை.

8. திரையைப் பகிர

விண்டோஸ் கணினியிலிருந்து டிவிக்கு: விண்டோஸ் விசையும் கே விசையும். மிராகாஸ்ட் உள்ள டிவிகள் பட்டியலில் வரும். உங்கள் கணினியே திரையாக வேண்டும் என்றால் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்பதைச் சேர்க்க வேண்டும், அது தானாக வராது. லினக்ஸில் க்னோம் நெட்வொர்க் டிஸ்ப்ளேஸ் இருக்கிறது. சில கார்டுகளில் நன்றாகவும் சிலவற்றில் நொண்டியும் ஓடும். முக்கியமான கூட்டத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள், எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றைப் பையில் வையுங்கள்.

கைபேசியைச் சோதியுங்கள்: ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது, கூகுள் பிக்சலிலும் கிடையாது. எந்த அடாப்டர் வாங்கினாலும் இது மாறாது.

படம் திக்கித் திக்கி வந்தால் ரவுட்டரும் டிவி இணைப்பும் வெவ்வேறு சேனலில் இருக்கும். பெரும்பாலான கார்டுகளில் ஒரே ரேடியோதான், அது இரண்டுக்கும் இடையே ஓடி ஓடி மூச்சு வாங்கும். கணினியை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் சேர்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பகிரும் நேரம் மட்டும் ரவுட்டரைத் துண்டியுங்கள்.

9. எல்லாம் சரி, ஆனால் வேகம் இல்லை

வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்பு நகரும்போது மவுஸ் அம்பு தவளை மாதிரி தாவுகிறதா? யுஎஸ்பி 3.0 ஒயரும் வாயும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். மவுஸ் ரிசீவர், புளூடூத், 2.4 வைஃபை மூன்றும் அதே இடத்தில்தான் பேசுகின்றன. ரிசீவரை ஒரு சின்ன நீட்டிப்பு ஒயரில் போட்டு அரை மீட்டர் தள்ளி வையுங்கள். வைஃபையை 5க்கு மாற்றுங்கள்.

மின் சேமிப்பும் ஒரு திருடன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், கணினி இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். லினக்ஸில் வைஃபையின் 'பவர் சேவ்' வசதியை ஆஃப் செய்து பாருங்கள்.

வேகத்தை அளக்க இணைய வேகச் சோதனைத் தளங்கள் வேண்டாம், அவை உங்கள் இணையத்தை அளக்கும். இரண்டு கருவியிலும் 'ஐபெர்ஃப்3' போட்டு ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓட்டுங்கள். அதில் வரும் எண் நன்றாக இருந்து கோப்பு மட்டும் மெதுவாகப் போனால் குறை டிஸ்க்கில். எண்ணே மோசம் என்றால் இணைப்பு வேகத்தைப் பார்த்து, 866 இருக்க வேண்டிய இடத்தில் 433 இருந்தால் கணினியைத் திறந்து இரண்டாவது ஆன்டெனா ஒயரை மறுபடி அழுத்துங்கள். இந்தச் சோதனைகளை எல்லாம் வாங்கிய முதல் வாரத்திலேயே, பெட்டியும் பில்லும் கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.